பின்சீட்டுக்காரர்கள் கேட்காத கேள்வி

1

2010 டிசம்பரில் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். பதினாறு வருஷம் ஷிப்யார்டில் வெல்டர் வேலை. வந்த மூன்றாம் நாள் எனக்கு போன் அடித்தார். "பாப்பா, ஒரு காரு எடுக்கலாம்னு இருக்கேன். நமக்கு இதெல்லாம் விசாரிக்கத் தெரியாது. நீதான் கம்ப்யூட்டர்ல பாத்து, எதுல என்ன நல்லது, எதுல என்ன கெட்டதுன்னு எழுதிக் குடுக்கணும்."

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இன்ஜினியரிங் முடித்த முதல் பெண் என்ற பெருமை வேறு. இரண்டு வாரம் மெனக்கெட்டேன். மோட்டார் விகடன் பழைய இதழ்களைப் புரட்டினேன். ஆபீஸில் கார் வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். கடைசியில் ஒரு முழுநீளத் தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். மேலே நான்கு கார்கள். இடது பக்கம் ஐந்து வரிசைகள்: விலை, மைலேஜ், இடவசதி, சர்வீஸ், ரீசேல். நல்லதுக்குப் பச்சை மை, கெட்டதுக்குச் சிவப்பு மை.

மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருச்சியில் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். "எம் மருமவ எழுதுனது" என்று விற்பனையாளர்களிடமெல்லாம் காட்டினாராம்.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்துவிட்டது. அதில் ஆறாவதாக ஒரு வரிசை இருந்திருக்க வேண்டும். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். என் ஒருத்தியின் மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் அந்த ஐந்து வரிசைகளும் நானாகக் கண்டுபிடித்தவை இல்லை. இந்த நாடு கார் வாங்கக் கற்றுக்கொண்ட விதத்திலிருந்து வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இல்லாமல்போன ஆறாவதுக்கும் இருக்கிறது.

2

எங்கள் வீட்டில் கார் வாங்குவதற்கு முன்னோடி மாடு வாங்குவதுதான். தாத்தா மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்பார். முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்: ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா. பிறகு சுழி. பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பது. பசு என்றால் "எவ்வளவு கறக்கும்?" எல்லாம் திருப்தியானபிறகு தரகர் துண்டைப் போட, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. நல்லது கெட்டது பார்த்து வாங்குவது எங்களுக்குப் புதிது இல்லை. மாட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பல தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. காரில் எதைப் பார்ப்பது என்பதற்கு அப்படி ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். அம்மன் காசு என்று சொந்த நாணயம்கூட இருந்தது. மோட்டார் வண்டி என்பது அரண்மனை, வெள்ளைக்கார அதிகாரி, பர்மா மலேயாவுக்குக் கொண்டுவிக்கப் போய்வந்த நகரத்தார் குடும்பங்கள் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்த பொருள். மற்றவர்களுக்கு மோட்டார் என்றால் பஸ்தான். 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் தென்மாவட்டச் சாலைகளில் பஸ் விட்டது. இரண்டாம் உலகப்போர் சமயம் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் கருவியைச் செய்ததும் அவர்கள்தான். அந்த பஸ்கள் 1970களின் தொடக்கத்தில் அரசுடைமையாகிவிட்டன. ஆனால் புதுக்கோட்டையில் ஒரு முக்குக்கு இன்றைக்கும் டி.வி.எஸ். கார்னர் என்றுதான் பெயர்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காசு இருந்த அந்தச் சிலருக்கு 1930களில் கிடைத்த தேர்வு, 1970களில் யாருக்கும் கிடைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே சேர்த்து முடுக்கி விற்பார்கள். ஃபோர்டு பம்பாய், கல்கத்தாவோடு நம் சென்னையிலும் பூட்டியது. செவர்லே, ஃபோர்டு, ஆஸ்டின், மோரிஸ் என்று வகைவகையாக ஓடின.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தபடி, இங்கேயே காரை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற அந்த ஆசையில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாக ஒரு நாடே முப்பது வருஷம் மூன்றே கார்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

3

அந்த மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பிரீமியரின் ஃபியட், சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு. மூன்றையும் ஓட்டிய பெரியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் போதும், ஒப்பீடு தானாகக் கொட்டும்.

அம்பாசிடர் 1489 சிசி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைத் தழுவி 1957-58 வாக்கில் வந்தது. முன்னாலும் பெஞ்சு, பின்னாலும் பெஞ்சு; கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருப்பதால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். கல்யாணம் என்றால் பத்துப் பேர் ஏறுவார்கள். புளியமரத்தடி மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். கெட்டது என்றால் கனம், குடிக்கிற பெட்ரோல், திருப்ப வேண்டிய தோள்பலம். ஃபியட் 1089 சிசி. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. இலகுவான வண்டி, கச்சிதம், எண்ணெய்ச் செலவு குறைவு. டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பினார்கள். பின்னால் மூன்று பேர் என்றால் முழங்கால் இடிக்கும்.

ஹெரால்டு 1961இல் வந்தது, 948 சிசி. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். இன்ஜின் முழுசாக வெளியே தெரியும். சின்னத் தெருவில் ஒரே மூச்சில் வளைத்துவிடலாம். ஆனால் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் 'ஸ்விங் ஆக்சில்' அமைப்பு நம்மூர் ரோட்டுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை. 1972இல் அதே கம்பெனி கேஸல் என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது, பின்னால் லாரி மாதிரி நேரான ஒற்றை ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள்.

இந்த ஆக்சிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இவ்வளவு நுணுக்கமாக ஒப்பிடத் தெரிந்தும் அந்த அறிவால் பெரிய பயன் இருக்கவில்லை. ஏனென்றால் வாங்குகிறவருக்குத் தேர்வு கிடையாது, வரிசைதான். முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஃபியட்டுக்கு இன்னும் கூடுதலாக. நாடு முழுவதும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார்கள்கூடத் தயாராகாத காலம். தரம் பற்றிப் புகார் குவிந்ததில் 1967இல் மத்திய அரசு கார்களின் தரத்தை விசாரிக்கவே ஒரு குழு போட்டது. விலையை அரசு நிர்ணயித்தது. அது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971இல் தீர்ப்பானது. பழைய கார் புதுக் காரைவிடக் கூடுதல் விலைக்குப் போன அதிசயமும் நடந்தது, கையில் உடனே கிடைக்கிறதே!

என் தாளின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் இங்கேதான் பிறந்தன. விலை, ரீசேல். கார் என்பது வண்டி மட்டும் இல்லை, நகை மாதிரி, அவசரத்துக்கு விற்கும் சொத்து. அம்பாசிடரின் பின்சீட்டு மெத்தையும் பத்துப் பேர் கணக்கும் 'இடவசதி' என்ற வரிசையாயிற்று.

4

மைலேஜ் வரிசை பிறந்த ஆண்டு என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் 1973. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, உலகம் முழுக்க விலை எகிறியது. பெட்ரோல் அம்பாசிடரை வைத்து டாக்ஸி ஓட்டியவர்கள் தவித்துப்போனார்கள். இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு டீசல் இன்ஜினை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1980 வாக்கில் கம்பெனியே டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தது.

பிறகு 1983 டிசம்பர் 14. அரசு தொடங்கி, ஜப்பானின் சுஸுகியோடு கூட்டுச் சேர்ந்த மாருதி உத்யோக், தன் முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுக்க வைத்தது. 796 சிசி. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்தார்கள். அம்பாசிடர் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் சிரித்தார்கள், தகர டப்பா என்றார்கள். ஆனால் காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது. வழியில் நிற்கவில்லை. லிட்டருக்கு அம்பாசிடரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போனது.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்ற கேள்வி அப்போதிருந்து நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வினைச்சொல்லைக் கவனியுங்கள். பசு பால் கொடுப்பதைப்போல கார் கிலோமீட்டர் கொடுக்கிறது. தாத்தா சந்தையில் கேட்ட கேள்விதான். பின்னாளில் அதே கேள்வியை இந்தியில் வைத்து மாருதியே விளம்பரத் தொடர் எடுத்தது.

சர்வீஸ் வரிசைக்கு 1998 போதும். 1993இல் கார் தயாரிக்க லைசென்ஸ் முறை எடுக்கப்பட்டபிறகு கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஃபோர்டு மறைமலைநகருக்குத் திரும்பியது. ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி, 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை இறக்கியது. அதே வருஷம் கொரியாவின் டேவூ, மாட்டிஸைக் கொண்டுவந்தது. டிசம்பரில் டாடாவின் இண்டிகா வந்தது. சிறிய கார்களில் மூன்று புதுமுகங்கள் ஒரே ஆண்டில். சான்ட்ரோவில் தலைப்பாகையோடு உட்காரும் உயரம், மாட்டிஸில் அழகும் ஓட்டும் சுகமும், இண்டிகாவில் டீசலும் அம்பாசிடருக்கு இணையான இடமும். இந்தியாவில் கார் ஒப்பீடு என்பது ஒரு தனித் தொழிலாக, பத்திரிகை எழுத்தாக வளர்ந்தது இதற்குப் பிறகுதான்.

அதில் மாட்டிஸ் வாங்கியவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். வண்டியில் பெரிய குறை இல்லை. ஆனால் கொரியாவில் டேவூ குழுமமே கடனில் மூழ்கி, சில வருஷத்தில் இந்திய ஆலையும் மூடப்பட்டது. நல்ல வண்டி அநாதையானது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது இரட்டிப்பு உறைக்கும். பல கம்பெனிகளுக்கு எங்கள் ஊரில் சர்வீஸே கிடையாது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திருச்சிக்குப் போகணும். கம்பெனி இருக்குமா, பக்கத்தில் இருக்குமா என்பதையும் ஒப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறது என்று அறிவித்தபோது அந்தப் பாடம் இன்னொரு முறை நடந்தது.

ஆக, ஐந்து வரிசைகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் யாரோ சூடுபட்டுக் கற்றது. அந்தத் தாளை எழுதும்போது எனக்கு எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

5

மாமா 2011 தையில் வண்டி எடுத்தார். TN 55 பதிவெண். அதே மாடலில் மேல் வேரியண்ட் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக். அறுபதாயிரத்துச் சொச்சம் கூடுதல். மாமா போனில் என்னைக் கேட்டார். "அவசியமாத்தா?" என்றார். "நம்ம ஊர்ல யாரு மாமா அவ்ளோ வேகம் போறா? அந்தக் காசுல வேற ஏதாச்சும் பண்ணலாம்" என்று சொன்னேன். என் குரல் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

மிச்சமான காசில் பாட்டுப்பெட்டி, சன் ஃபிலிம், ரெக்ஸின் சீட் கவர். ஊருக்கு வந்ததும் கருப்பர் கோயிலில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சென்னையில் புது வண்டி எடுத்தால் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அதே வழக்கம்தான். பாதுகாப்பு என்ற வரிசை எங்கள் மனதில் இல்லாமல் இல்லை. அது தாளில் இல்லை, கோயிலில் இருந்தது. கம்பெனியிடம் கேட்க வேண்டியதைச் சாமியிடம் கேட்டோம்.

2012 ஆனியில் மாமா மகனைத் திருச்சி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, மாத்தூருக்கும் கீரனூருக்கும் நடுவில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்றது. மாமா பெல்ட் போட்டிருந்தார், போலீசுக்குப் பயந்து. ஸ்டியரிங்கில் மோதி விலா எலும்பு முறிந்தது. பின்னால் இடது ஓரம் அம்மா. அவளுக்குக் காறையெலும்பு. அத்தை, மாமாவோடு பேசிக்கொண்டு வருவதற்காகப் பின்சீட்டு நடுவில் முன்னால் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்.

வண்டியை ஸ்டேஷனிலிருந்து எடுக்க நானும் போனேன். பின்சீட்டைப் பார்த்தேன். பெல்ட் மாட்டும் கொக்கிகள் மூன்றும் சீட் கவருக்கு அடியில் இருந்தன. கவர் தைத்தவர் அவற்றுக்கு ஓட்டை விடவே இல்லை. ஒன்றரை வருஷத்தில் ஒருவரும் தேடவும் இல்லை.

மேல் வேரியண்ட் எடுத்திருந்தாலும் அந்த ஏர்பேக் அத்தைக்கு உதவியிருக்காது, அது முன்சீட்டுக்காரர்களுக்கு. அத்தைக்கு உதவியிருக்கக்கூடியது ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தது, நாங்கள் காசு கொடுத்து அதை மூடியிருந்தோம். அதுவும் நடு சீட்டுக்கு இடுப்பைச் சுற்றும் பட்டை மட்டும்தான், தோளுக்கு இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

6

அந்த ஆறாவது வரிசையை உலகம் எப்போது எழுதியது என்று தேடிப்போனேன்.

தோளிலிருந்து இடுப்புக்கு வரும் மூன்றுமுனை பெல்ட் 1959இல் வந்தது. வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் வடிவமைத்தது. காப்புரிமையை வால்வோ எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல் அமெரிக்கக் கார் கம்பெனிகள்மேல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயம் ஜெனரல் மோட்டார்ஸின் கார்வேர் வண்டியைப் பற்றியது. அதில் அவர் குற்றம் சொன்ன பாகம் எது தெரியுமா? பின்பக்க ஸ்விங் ஆக்சில்! திருப்பத்தில் சக்கரம் உள்வாங்கி வண்டி கட்டுப்பாட்டை இழக்கிறது என்றார். மறு ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புக்குத் தேசியச் சட்டம் வந்தது.

நம்ம ஊர் ஹெரால்டிலும் இருந்தது அதே வகை ஆக்சில்தான். அங்கே அந்தப் பாகத்தைப் பார்த்து, "உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். இங்கே, "ரிப்பேர் பண்ண முடியுமா?" என்று கேட்டோம். இரண்டு இடத்திலும் ஆக்சில் மாறியது, ஆனால் நாம் கேட்ட கேள்வி மாறவில்லை. காரைத் தள்ளாமல் வீடு சேர்வதே பெரிய காரியமாக இருந்தவர்களிடம் வேறு கேள்வியை எதிர்பார்க்கவும் முடியாது.

1979இல் அமெரிக்க அரசு புதுக் கார்களைச் சுவரில் மோதவிட்டு முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. 1997இல் ஐரோப்பாவில் யூரோ என்கேப் நட்சத்திரம் கொடுத்தது. ரோவர் 100 என்ற பிரபலமான சிறிய காருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். அந்த வருஷக் கடைசிக்குள் அந்த மாடலே நிறுத்தப்பட்டது.

இந்தியாவுக்கு அந்தக் கண்ணாடி வந்தது 2014 ஜனவரியில். குளோபல் என்கேப் என்ற அமைப்பு இங்கே அதிகம் விற்கும் ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வேரியண்டுகளை வாங்கி, 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்துக்கும் பூஜ்ஜியம். அந்தக் கார்கள் எதுவும் அப்போதைய இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய சேதி. அப்படி மோதிப் பார்க்கச் சொல்லும் சட்டமே நம்மிடம் இல்லை.

அந்த ஐந்தில் போலோ என்னைத் தூங்கவிடவில்லை. அதையே இரண்டு ஏர்பேக்கோடு மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. தெருவில் நின்றால் ஒரே கார். 'வேரியண்ட்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது அந்த வித்தியாசம்.

அதன்பிறகு வேகமாகத்தான் நடந்தது. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பானது. 2019 ஜூலையில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கும் 2021 முடிவதற்குள் வந்தது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. அதில் பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திர எண்ணிக்கை, குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று. கடையில் கேட்கும்போது இரண்டையும் கேட்க வேண்டும், எந்த வேரியண்டுக்கு என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் நட்சத்திரம் கிடைப்பது, பெல்ட் போட்டு உட்கார வைத்த பொம்மைகளுக்கு. பெல்ட் போடாத மனுஷருக்கு அது எதையும் உறுதி சொல்லாது. கார் மோதி நின்றுவிட்டாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். எதிலாவது மோதினால்தான் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. 2022 செப்டம்பரில் டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி ஒரு விலையுயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இறந்தபோதுதான், பின்னாலும் பெல்ட் கட்டாயம் என்ற சட்டம் ஏற்கெனவே இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அந்த ஒரு வருஷத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. அதில் ஏறக்குறைய பாதி, 8,331 பேர், வண்டியை ஓட்டாதவர்கள்.

ஓட்டாதவர்கள். வாங்கும்போதும் யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

7

என் தாளில் அந்த வரிசை இல்லாததற்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். அதிலிருந்த ஐந்து கேள்விகளும் காசு கொடுப்பவர், ஓட்டுபவர், விற்கப்போகிறவர் கேட்டவை. மூன்றும் ஒரே ஆள், எங்கள் வீடுகளில் ஆம்பளை. நான் பெண்ணாக இருந்தும் அவர் இடத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். பின்சீட்டில் உட்காரப்போகிற அத்தைக்கு ஒரு போன் அடிக்கவில்லை.

வண்டியை வேறு மாதிரி ஒப்பிட்டவர்களும் எங்கள் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷத்துக்குள் பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. கம்பெனிக்காரர்களும் கடைக்காரர்களும் ஆச்சரியப்படும்படி பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் ஓடும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

அந்தக் கம்பியில் உட்கார்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எனக்கு ஆறு வயசு. அம்மா கம்பியில் துண்டைச் சுற்றி, ஹேண்டில் பாரில் என் கையை வைத்து, "விட்டுறாத தாயி" என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் மிதிப்பாள். விலை, வேகம், அழகு எல்லாம் அப்புறம். பிள்ளை எங்கே உட்காரும், எதைப் பிடிக்கும் என்பதுதான் அவள் பட்டியலில் முதல் வரிசை.

போன மாதம் நானும் அம்மாவும் திருச்சியில் ஒரு ஷோரூமுக்குப் போனோம், என் சம்பாத்தியத்தில் முதல் கார் பார்க்க. விற்பனை செய்யும் தம்பி என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். தொட்டால் கூரை திறந்தது. அம்மா பின்கதவைத் திறந்து ஏறி, நகர்ந்து நகர்ந்து நடுவில் போய் உட்கார்ந்தாள். சீட் இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள்.

"தம்பி, நடுவுல உக்கார்றவளுக்கு பெல்ட்டு தோள்லேர்ந்து வருமா, இடுப்புக்கு மட்டுமா?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு பின்னால் வந்து குனிந்து பார்த்தார். "இந்த வேரியண்ட்ல தோள்லேர்ந்தே வரும்மா." இழுத்து மாட்டிக் காட்டினார். அம்மா கழற்றினாள், தானே ஒரு தடவை மாட்டினாள், திரும்பக் கழற்றினாள்.

கிளம்பும்போது அந்தத் தம்பி சொன்னார், "இந்த மாசம் புக் பண்ணா சீட் கவர் ஃப்ரீம்மா."

"அது வேணாம்பா" என்றாள் அம்மா. "சீட்டு அப்புடியே இருக்கட்டும்."